பாசிக்குள் பொதிந்த சத்து: வாசகர் கேள்வி-பதில்

கட்டக்கோரைக்குள் சத்தை அடைத்து உடம்புக்குள் அனுப்பலாம் என்கிறார்களே, நிஜமா? (பாம்பன் வாசகி)

நிஜம்தான். கட்டக்கோரை என்ற பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுப்பது ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள். அதைத் தண்ணீரில் கரைத்து, சத்தைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசி போல இறுகிவிடும். இரைப்பையின் அமிலத்தில் அது சுருங்கி, உள்ளே இருக்கும் சத்தைக் காக்கும். சிறுகுடலுக்குப் போனதும் ஊதி, தளர்ந்து, சத்தை வெளியே விடும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அந்த உருண்டை 'நானோ பொதி' (சத்தை அடைத்த மிக நுண்ணிய துகள்) அல்ல. நானோ பொதி பெரும்பாலும் சில நூறு நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்.

பட்டாணிப் புரதத்தோடு ஏன் பாசியையும் சேர்க்கிறார்கள்? (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

நல்ல கேள்வி, விஷயமே இதில்தான் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் போன்ற சத்துகள் தண்ணீரில் கரையாது. புரதத்தில் எண்ணெய்ப் பசைக்கு ஒத்துப்போகும் இடங்கள் உண்டு. அங்கே அவை ஒட்டிக்கொள்ளும். ஆனால் அமிலத்தன்மை pH 4.5-ஐ நெருங்கும்போது பட்டாணிப் புரதத்தின் நிகர மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாமல் போய், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடும். பழரசத்தில் கலந்தால் அடியில் தங்குவது இதனால்தான். ஆல்ஜினேட், பழத்தோலில் இருக்கும் பெக்டின், மிதவையில் வளர்க்கிற பாசியின் கராஜீனன் ஆகிய பசைப்பொருள்கள் அந்த நிலையிலும் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். புரதத்தைச் சுற்றிப் படிந்து துகள்களை விலக்கி வைக்கும். இரைப்பையில் பெப்சின் என்ற செரிமான நொதி புரதத்தை வெட்டுவதையும் தாமதப்படுத்தும். உப்பு கூடினால் இந்த மின்விசை மங்கிவிடும். அதனால் உப்பு போட்ட மோருக்கு ஒரு பொதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதிலேயே கலந்து பார்க்க வேண்டும்.

நோன்புக்குச் செய்யும் பால் கடல்பாசியில் மஞ்சள் கலந்தால் போதாதா? (கீழக்கரை வாசகி)

போதாது. கடல்பாசியின் அகார் நம் குடலில் செரிக்காது. மஞ்சளைப் பிடித்து வைக்குமே தவிர, உடம்பில் சேர்க்காது. மஞ்சளைக் கொழுப்புள்ள பாலில் மிளகோடு காய்ச்சிக் குடியுங்கள். மிளகின் பைப்பரின் குர்குமின் உறிஞ்சலைக் கூட்டும் என்பதை 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது.

'நானோ' என்று போட்டு விற்கும் சத்துப்பொடியைப் பயப்படாமல் வாங்கலாமா? (தொண்டி வாசகர்)

தாவரப் புரதம் நம் குடலில் செரித்துவிடும், அந்த வகையில் பயமில்லை. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு சோயாப் பொதியும் ஆகாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளையடின் (கோதுமைப் புரதம்) பொதியைத் தவிர்க்க வேண்டும். உறிஞ்சல் கூடும்போது அளவும் கவனம். வைட்டமின் ஏ, டி உடம்பில் தேங்கும். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைச் சேர்க்காதீர்கள்.

எங்கள் வளர்ப்புப் பாசியை உணவுத் தரத்துக்கு விற்க என்ன செய்ய வேண்டும்? (தங்கச்சிமடம் வாசகி)

மணலில் காய வைக்காதீர்கள். தரைக்கு மேலே வலை கட்டிக் காய வையுங்கள். வேறு பாசி, சிப்பி ஒட்டியிருந்தால் பச்சையாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையத்தில் மேற்கொண்டு விசாரியுங்கள்.