டி.சி.யை மட்டும் வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 17 பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைமையாசிரியை ஒருவர்தான் எல்லா வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். வரும் கல்வியாண்டில் பள்ளியைப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியோடு இணைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். தூரம் 900 மீட்டர்தான் என்கிறார் அதிகாரி. எங்கள் தெருவிலிருந்து நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. நாற்கரச் சாலையையும் தாண்ட வேண்டும். ஊரில் பாதிப் பேர் போகட்டும் என்கிறார்கள், மீதிப் பேர் கூடாது என்கிறார்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம் இருக்கிறது. அவன் இயன்முறைப் பயிற்சிக்குப் போகும் பகல்நேர மையத்தையும் 14 கிலோமீட்டர் தள்ளி, வட்டார வள மையத்துக்கு மாற்றுகிறார்களாம். 'இப்போதே டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அங்கே இடம் கிடைக்காது' என்கிறார் தலைமையாசிரியை. வாங்கலாமா?
— வட மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: வாங்காதீர்கள், அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

தொடக்கக் கல்வித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உத்தரவு வருவதற்கு முன்பே டி.சி.க்கள் பள்ளியை மூடிவிடும். இன்று 17 பேர். ஏப்ரலில் ஐந்து பெற்றோர் பயந்துபோய் வாங்கினால் 12. மே மாதம் வேன் வைத்திருக்கும் தனியார் பள்ளி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் எட்டு. அந்த எண், துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த அலுவலகத்திலும் விவாதத்துக்கு இடமில்லை. 'பெற்றோர் தாமாகவே விரும்பிப் போய்விட்டார்கள்' என்று கோப்பில் எழுதுவார்கள். இல்லை என்று உங்களால் சொல்லவும் முடியாது. கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

இடம் கிடைக்காது என்பது வெறும் மிரட்டல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் திருப்பி அனுப்ப முடியாது. அது 15ஆம் பிரிவு. உண்மையிலேயே இணைப்பு நடந்தால் பிள்ளைகளை அங்கே சேர்ப்பது துறையின் வேலை. தலைமையாசிரியைமீது கோபப்படாதீர்கள். மேலே இருந்து யாரோ தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். இந்தத் துறையில் நல்லது எல்லாம் சுற்றறிக்கையாக வரும், கெட்டது எல்லாம் வாய்மொழியாக வரும்.

இனி அந்த 900 மீட்டர். தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு கல்வி உரிமை விதிகள்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தொலைவில் ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர். நடந்துபோகும் தொலைவு என்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் கணினி வரைபடத்தைத் திறந்து இந்தப் பள்ளியில் ஒரு புள்ளி, அந்தப் பள்ளியில் ஒரு புள்ளி வைத்து நேர்கோடு இழுக்கிறார்கள். காக்கை பறக்கிற கணக்கு அது. அதைவிடப் பெரிய தவறு, பள்ளியிலிருந்து பள்ளிக்கு அளப்பது. உங்கள் மகள் பள்ளிக்கூடத்திலா குடியிருக்கிறாள்? அவள் வீடு இருக்கும் தெருவிலிருந்து அளக்க வேண்டும். இப்போதைய பள்ளிக்கு மறுபுறம் இருக்கும் தெருக்களுக்குத்தான் எப்போதும் தூரம் கூடும். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கடைசித் தெருவில் யார் குடியிருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு கிலோமீட்டருக்குள் இருந்துவிட்டாலும் அதோடு முடியவில்லை. நான் அதிகாரிகளோடு அதிகம் மல்லுக்கு நின்றது இந்த இடத்தில்தான், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிலச்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, சிறு பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து ஆகியவை இருக்கும் இடங்களில் அந்த எல்லையையே குறைத்து, ஆபத்தைத் தவிர்க்கும்படி பள்ளியை அமைக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதிகளின் கருத்து. 'இது மலைக்கிராமங்களுக்கு மட்டும்' என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவார்கள். அப்படி இல்லை. சமவெளியில் ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது: நாற்கரச் சாலை, ஆளில்லாத ரயில் பாதை ஓரம், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. ஓடையைக் கோடையில் வந்து பார்த்துவிட்டு 'பாதை நன்றாக இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போன அதிகாரிகள் உண்டு. அதனால் நீங்களே அளந்து வையுங்கள். கடைசி வீட்டிலிருந்து புதிய பள்ளியின் வாசல்வரை, ஆறு வயதுப் பிள்ளை போகக்கூடிய வழியில் நடந்து, கைப்பேசியில் தூரத்தைப் பதிவு செய்யுங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் சுரங்கப் பாதையோ மேம்பாலமோ இருக்கிறதா, பள்ளி நேரத்தில் லாரிகள் எப்படி வருகின்றன என்று படம் எடுங்கள். மனுவில் 'ரொம்ப தூரம்' என்று எழுதினால் மதிப்பில்லை. 'மேற்குத் தெரு கடைசி வீட்டிலிருந்து நடைவழியில் இத்தனை மீட்டர், இந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும்' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.



இணைப்பு என்றாலே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வகுப்பையும் ஒரே ஆசிரியை ஓர் அறையில் வைத்து நடத்துவதைப் படிப்பு என்று எப்படிச் சொல்வது? உங்கள் ஊரில் போகட்டும் என்பவர்கள் பிள்ளைகளின் எதிரிகள் இல்லை. ஆனால் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: ஓராசிரியர் பள்ளியாக அதை ஆக்கியது யார்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது. 17 பேருக்கும் இரண்டு பேர்தான். ஒருவரை மாற்றுப் பணி என்று எடுத்துக்கொண்டு போவார்கள், வகுப்பு கெடும், விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவார்கள், பிறகு 'எண்ணிக்கை குறைவு' என்று பள்ளியையே எடுப்பார்கள். ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளை மூடுவது வேறு விஷயம். 2019இல் அப்படி 46 பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. உங்கள் ஊர்ப் பள்ளியில் 17 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் உங்கள் ஊருக்குள் யார் யார் வருவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வருபவர் தனியார் பள்ளிக்கு ஆள் பிடிப்பவர். 'முதல் வருடம் வேன் கட்டணம் இல்லை, டி.சி.யை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், ஆதார் நகல் கொடுத்தால் போதும்' என்பார். கொடுத்துவிடாதீர்கள். சேர்க்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குப் பணம் உண்டு. இரண்டாம் வருடம் வேன் கட்டணம் வரும்போது திரும்பி வர உங்கள் ஊரில் பள்ளி இருக்காது. அடுத்து வருபவர், கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவச இடம் வாங்கித் தருகிறேன் என்பவர். அந்த 25 விழுக்காட்டு இடங்கள் எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. மூன்றாம் வகுப்பு மகளுக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

மூன்றாமவர்தான் எனக்கு அதிகம் எரிச்சல் ஊட்டுபவர்: வீட்டுக்கு ஐந்நூறோ ஆயிரமோ வசூலித்து 'ஐகோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம்' என்பவர். முதலில், எழுத்தில் உத்தரவே இல்லாதபோது எதற்குத் தடை வாங்குவார்? இரண்டாவது, இந்த வழக்குகளில் யாரும் உறுதி தர முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் சிறு பள்ளிகளை இணைக்க உத்தரவு போட்டார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஜூலை 7 அன்று பெற்றோர் தரப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தார். ஜூலை 24 அன்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சீதாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் நிலை அப்படியே தொடர வேண்டும் என்றது. பிறகு அந்த அரசே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பள்ளிகளை இணைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்கே போக நேர்ந்தாலும் வசூல் எதற்கு? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு ஆசிரியர் வேண்டும், இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கும்போது இன்னொரு நகலில் முத்திரையுடன் ஒப்புதல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபால். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு: இணைப்பு உத்தரவின் நகல், தூரம் அளந்த பதிவு, அளந்த தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். 'அவ்வாறு உத்தரவு ஏதும் இல்லை' என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்; அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

உங்கள் மகன் விஷயம் இதைவிட அவசரம். பள்ளி இணைப்பைப் பற்றி ஊரே பேசும். மையம் மாறுவதைப் பற்றி உங்களைத் தவிர யாரும் பேசமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயதுவரை அருகமைப் பள்ளியில், அல்லது விரும்பும் சிறப்புப் பள்ளியில், இலவசக் கல்வி தருகிறது. தேர்வு உங்களுடையது. மையத்தை மாற்றும்போது அனேகமாக ஒரு படிவம் நீட்டுவார்கள்: 'அவ்வளவு தூரம் உங்களால் வர முடியாது, வீட்டுவழிப் பயிற்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆள் வீட்டுக்கே வருவார்.' கேட்க இனிமையாக இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. அதைத்தான் இப்போது பிள்ளையை வீட்டிலேயே வைத்துவிடும் வழியாக்கிவிட்டார்கள். பயிற்றுநர் வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகி, பிறகு பதிவேட்டில் மட்டும் வருவார். அவர்களையும் குறைசொல்லிப் பயனில்லை. சிறப்புப் பயிற்றுநர் தொடக்க வகுப்பில் மாற்றுத்திறனுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அவர்களுக்குச் சம்பளம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024–25க்கான 2,152 கோடி ரூபாயை பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. டில்லியும் சென்னையும் சண்டை போட்டுக்கொள்ள, உங்கள் மகனின் கால் தசை இறுகிக்கொண்டிருக்கிறது.

எனவே படிவத்தில் கையெழுத்து வேண்டாம். தனி மனு ஒன்று, மாவட்டத் திட்ட அலுவலகமான முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு: இயன்முறைப் பயிற்சியை இப்போதிருக்கும் இடத்திலேயே வாரத்தில் குறிப்பிட்ட நாளில் தொடர வேண்டும், மாற்றியே தீருவதென்றால் துணைக்கு ஆளோடு வாகனம் வேண்டும். பயணப்படி தருகிறோம் என்பதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறும் தாய்க்கு அந்தப் படியால் என்ன ஆகும்? மனுவின் நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை 'இது கல்வித் துறை விஷயம்' என்று திருப்பும், கல்வித் துறை அவர்களைக் காட்டும். இரண்டு பிரதியிலும் 'நகல்: இன்னார்' என்று மற்றவர் பெயரையும் எழுதிவிடுங்கள். மகனின் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். அதற்கும் ஒருவர் வந்து ஆயிரம் ரூபாய் கேட்பார். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.