உடைந்த ஸ்டட்டுக்கு ஈசி அவுட் வேண்டாம்

சைலன்சரைக் கழற்றும்போது 6 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத புரி ஆணி) அலுமினிய எஞ்சின் ஹெட்டோடு மட்டமாக முறிந்துவிட்டது, ஈசி அவுட் (முறிந்த ஆணியில் துளையிட்டு, எதிர்ப்புறமாகத் திருகி எடுக்கும் கருவி) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அது கடினமான உருக்கு, பொட்டென்று முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். நான் பட்ட பாடு அது.

வீடு வெள்ளவத்தை என்றால் கடற்காற்றும் சேர்ந்திருக்கும். துருவேறிய இரும்பு அலுமினியத்தை விடாது. பலம் உதவாது, சூடுதான் உதவும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளால் மிக் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். முதலில் பெட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்! சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரை முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். முதல் நட் பிய்ந்து வந்தால் மனம் விடவேண்டாம், இன்னொன்று வையுங்கள். எனக்கு மூன்றாவதில்தான் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹெட்டில் புரி போயிருந்தால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புதுப் புரியாக நிற்கும் கம்பிச் சுருள். 6.3 மி.மீ. பிட்டால் நேராகத் துளைத்து, கிட்டோடு வரும் டப்பையே (புரி வெட்டும் கருவி) போடுங்கள். சாதாரண 6 மி.மீ. டப் சரிவராது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு வெட்டினால் புரி சுத்தமாக விழும். காயில் மேல்மட்டத்துக்கு அரைச் சுற்றாவது கீழே நிற்கவேண்டும். கிட் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடிப் பாருங்கள்.

அப்புறம், புது ஸ்டட்டுக்குச் செப்பு கிரீஸ் கொஞ்சம் பூசுங்கள்.