கோடை முடிவில் அந்தமான் கடல்: கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நேரம் என்பதால் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பயணம் பற்றியவை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் பொருந்துகிற பதில்கள் இவை.

கேள்வி: மே மாதம் அந்தமான் வரலாமா? கடல் எப்படி இருக்கும்?

மே 3-ஆ, மே 28-ஆ? மாதம் ஒன்றுதான், கடல் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை தெற்கு அந்தமான் கடலைத் தொடுவது சராசரியாக மே 20-ஐ ஒட்டி. 2024-ல் மே 19 அன்று வந்தது. 2025-ல் மே 13-லேயே வந்துவிட்டது. அதற்கு முன்பு வெயில், புழுக்கம், அவ்வப்போது மாலை இடி. அலை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். அதற்குப் பிறகு தென்மேற்குக் காற்று நிலைத்துவிடும், திறந்த கடலில் இரண்டு, இரண்டரை மீட்டர் அலை சாதாரணம். தேதியும் தீவின் பெயரும் இல்லாமல் கேட்டால் இதற்கு மேல் சொல்ல வழியில்லை.

கேள்வி: ‘அந்தமான் கடலில் சூறாவளிக் காற்று’ என்று செய்தியில் சொன்னார்கள். புயலா?

இல்லை. திடீரென வேகமெடுத்துச் சில நிமிடங்கள் அடித்து ஓயும் காற்று அது. ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று கூடவே சொல்வார்கள். புயல் என்று பெயர் வாங்க, காற்று நிலையாக 62 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும். ஆனால் சிறு படகைக் கவிழ்க்க 45 போதும். புயல் இல்லை என்பதற்காகப் படகேறக் கூடாது.

கேள்வி: துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் ஓடுமா?

1, 2 என்றால் மோசமான வானிலை தொலைவில் இருக்கிறது. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 3 என்பது பலத்த காற்றுக்கு, 4 புயலுக்கு. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. கப்பல் ஓடுவது தனி முடிவு; ஒவ்வொரு கப்பலுக்கும் தாங்கும் அலை உயரம் வேறு. பெரிய கப்பல் ஓடும் நாளில் சிறியது நிற்கலாம். ரத்து என்ற செய்தி பெரும்பாலும் அன்று காலைதான் வரும். ஆகவே கடைசி இரவை வெளித்தீவில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஆப்பில் மூன்று நாளும் வெயில் சின்னம்தான். காற்றும் இல்லை. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் மகனை அலை புரட்டிப் போட்டுவிட்டது. ஆப் தவறா?

ஆப் தவறில்லை. அது வானத்தைச் சொன்னது. பையன் இறங்கியது கடலில். வானம் தெளிந்திருந்தால் கடலும் தெளிந்திருக்கும் என்ற நம்பிக்கையைப் போல உயிரைக் குடிக்கும் நம்பிக்கை கடற்கரையில் வேறில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது, அதனால் இந்த முறை விரிவாக.

உங்கள் மகனைப் புரட்டிய அலை பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே பிறந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்குப் பெருங்கடலில், 40 முதல் 60 டிகிரி தெற்கு அட்சரேகைகளில் குளிர்காலப் புயல்கள் வலுக்கத் தொடங்கும். அங்கே எழும் நீண்ட அலை மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. வேகத்தில் ஐந்தாறு நாள் பயணம் செய்து இங்கே வரும். வழியில் அதற்குக் காற்று தேவையில்லை. கேரளத்தில் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். ஆழ்கடலில் படகு மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். கரையை நெருங்கித் தரை தட்டும்போதுதான் நிமிர்ந்து எழும்.

இதைக் காட்டிக்கொடுப்பது அலையின் உயரம் அல்ல, அலைக் காலம்: ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடையே எத்தனை விநாடி என்பது. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைக்கு ஐந்து, ஆறு விநாடி. தெற்கிலிருந்து வருவதற்கு 16 முதல் 20. உயரம் ஒரே ஒரு மீட்டராக இருந்தாலும், 18 விநாடி அலை சுமந்து வரும் ஆற்றல் 6 விநாடி அலையைப் போல மூன்று மடங்கு. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் அரசு நிறுவனமான இன்காய்ஸ் இரண்டு எண்ணையும் வெளியிடுகிறது. உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். காலம் 12 விநாடியைத் தாண்டினால் மேற்கு பார்த்த கரைகளில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். ராதாநகர் மேற்கு பார்த்தது. அதே தீவில் கிழக்குப் பக்கம் உள்ள விஜயநகர், கோவிந்த நகர் கரைகளில் அன்று தண்ணீர் அடங்கிக் கிடக்கும்.

அறிக்கையில் வரும் அலை உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல இரண்டு மடங்கு வரை எழலாம். 1.5 என்று போட்டிருந்தால் 3 மீட்டரும் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட அலைகள் கூட்டமாக வரும். பத்து, பதினைந்து நிமிடம் குளம் மாதிரி கிடக்கும்; பிறகு நான்கைந்து பெரிய அலை அடுத்தடுத்து. பின்வாங்கும் தண்ணீர் காலடி மணலை அரித்து இழுக்கும்போதுதான் ஆள் விழுவது. இறங்குவதற்கு முன் கரையில் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உலர்ந்த மணலில் புதிதாக ஈரக்கோடு தெரிந்தால் அதற்குக் கீழே குழந்தைகளை விடாதீர்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான்.

கேள்வி: ராதாநகருக்குப் பக்கத்தில் நீல்ஸ் கோவ் அமைதியாக இருக்கிறதே, அங்கே குளிக்கலாமா?

கூடாது. உப்புநீர் முதலை. 2010-ல் அங்கே ஓர் உயிர் போயிருக்கிறது.

கேள்வி: நீல் தீவில் காலையில் கடல் நூறு மீட்டர் உள்வாங்கிவிட்டது. சுனாமி அறிகுறியா?

இல்லை, தாழ் ஓதம்; கடல் நாள்தோறும் ஏறி வற்றுவதில் வற்றிய நேரம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம் உண்டு. அஷ்டமியை ஒட்டிக் குறையும். கரை தட்டையாக இருப்பதால் தூரம் அதிகமாகத் தெரிகிறது. அங்குள்ள இயற்கைப் பாலம் என்ற பாறை வளைவைப் பார்க்க இந்த நேரம்தான் சரி. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓதம் வற்ற ஆறு மணி நேரம் எடுக்கும். சில நிமிடங்களில் கடல் பின்வாங்கினாலோ, நிற்க முடியாத அளவுக்கு நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

கேள்வி: கண்ணாடி மாதிரி இருந்த கடலில் திடீரென ஒரு நுரைப்பட்டை நீளமாக வந்து கடந்தது. என்ன அது?

உள்ளலை. மேலே சூடான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர்; இரண்டுக்கும் நடுவே ஓடும் அலை. பெரிய ஓதம் கடலடித் திட்டுகளின் மேல் ஏறி இறங்கும்போது பிறக்கிறது. அடியில் பல பத்து மீட்டர் உயரம், மேலே சின்னக் கொந்தளிப்பு மட்டும். அந்தமான் கடல் இதற்குப் பேர்போனது. படகுக்குச் சில நிமிட ஆட்டம்தான். நீரடியில் இருப்பவரை மேலும் கீழும் இழுக்கும், ஆழமானியில் கண் வையுங்கள்.

கேள்வி: பவளம் வெள்ளையாக இருந்தது. செத்துவிட்டதா?

வெளுத்திருக்கிறது. வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும். காற்றில்லாத, மேகமில்லாத ஏப்ரல்தான் ஆபத்து. 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெருமளவில் வெளுத்தது. பருவமழையின் மேகமும் காற்றும் சீக்கிரம் வந்தால் பிழைக்கும். செத்த பவளத்தின் மேல் பழுப்பும் பச்சையுமாய்ப் பாசி படர்ந்திருக்கும். வெளுத்ததன் மேல் துடுப்புக் கால் படவே கூடாது.

கேள்வி: மே 24 காலை எட்டு மணிக்கு ஹேவ்லாக்கில் கப்பல், மதியம் ஒரு மணிக்கு விமானம். போதுமா?

போதாது. கூண்டுக் கேள்வியில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன்: கடைசி இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேர்). மே 20-க்குப் பிறகு என்றால் இரண்டு இரவு. ஸ்கூபா செய்தவர்களுக்கு இது வேறு விதத்திலும் அவசியம். பல முறை மூழ்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது ஆக வேண்டும்.

கேள்வி: கடல் குமட்டலுக்கு?

மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு. கீழ்த்தளத்தில், நடுவில் அல்லது பின்பக்கம் உட்காருங்கள். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: மாலை ஆறு மணிக்குக் கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாமா?

மே மாதம் சூரியன் 5.40 வாக்கிலேயே மறைந்துவிடும். ஐந்துக்கே போய்விடுங்கள், இருட்டியபின் தண்ணீரில் நிற்காதீர்கள்.