டீசல் டாக்டர் பதில்கள்

கேள்வி: காய்கறி லோடு அடிக்க 2018 மாடல் டீசல் பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். மீட்டரில் 90,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. இன்ஜின் சத்தமும் நன்றாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
(ஒட்டன்சத்திரம் வாசகர்)

மீட்டரை விடுங்கள். 2018-லிருந்து லோடு ஓடிய வண்டிக்கு அது மிகக் குறைவு. கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட் அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓடிய ஓட்டம் அங்கே தெரியும்.

விற்பவரிடம் முந்தின நாளே, "காலையில் நான் வரும்வரை செல்ஃப் அடிக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், சரி, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். தேய்ந்த இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். கூலன்டில் ஆயில் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) மேல் சந்தேகம் வர வேண்டும். கூலன்டே இல்லாமல் துருத்தண்ணீர் இருந்தால், கவனிப்பாரில்லாமல் ஓடிய வண்டி.

ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேறியதும், ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாய் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. மூடி துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து கேஸ் கீழே இறங்குகிறது. இன்ஜின் இறக்கும் செலவு காத்திருக்கிறது.

ரேஸ் கொடுக்கும்போது கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். சிலது சின்னச் செலவிலேயே முடியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அங்கே பேரம் பேசிப் பயனில்லை.

கடைசியாக, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் ஓவர்லோடு ஓடியிருக்கிறது. பட்டை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சேஸில் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்துச் செய்துவிடலாம். விரிசல் விட்ட சேஸ் லோடோடு சாலையில் போகும்போது ஆளையே வாங்கிவிடும்.

கேள்வி: இரவு நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. ஹேண்ட் பம்ப் அடித்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்.
(துறையூர் வாசகர்)

தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பம்ப் அடித்தால் சரியாகிறது என்றால், பெரும்பாலும் எங்கேயோ ஏர் இழுத்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஃபில்டருக்கு வரும் லைனில் கொஞ்ச தூரத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டச் சொல்லுங்கள். குமிழி ஓடினால் டேங்க்குக்கும் அந்த ஹோஸுக்கும் இடையில்தான் கோளாறு: ஒரு கிளாம்ப், வெடித்த ஹோஸ் இப்படி ஏதாவது. அங்கே குமிழி இல்லையென்றால் ஃபில்டர் ரப்பர் சீலைப் பாருங்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால் ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சித் திரும்பும் (ரிட்டர்ன்) டீசலை தனித்தனி பாட்டிலில் பிடிப்பார்கள். எந்தப் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. மற்ற மூன்றை ஏன் மாற்ற வேண்டும்? ஒரு எச்சரிக்கை: ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் காமன் ரெயில் பைப் நட்டை யாரும் தளர்த்தக் கூடாது. லோடில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: பழைய பிஎஸ்-6 பிக்கப் வாங்கினேன். ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது.
(பல்லடம் வாசகர்)

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். அதில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு வராது. வாரம் ஒருமுறை அவிநாசி ரோட்டிலோ பைபாஸிலோ அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள். கரி எரிந்துகொண்டிருக்கும்போது வண்டியை அணைக்காதீர்கள். டிப் ஸ்டிக்கையும் பாருங்கள்: ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது, உடனே ஆயில் மாற்றுங்கள். ஃபில்டரை அறுத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், உங்கள் தெருவில் மூச்சு விடும் பிள்ளைகளுக்கும் கேடு.