வாசகர் கேள்விகள்: முனைவர் பட்டம் வாங்காத பேராசிரியர்

கேள்வி: பீட்டர் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் முனைவர் பட்டம் வாங்காமலேயே பிரின்ஸ்டன் பேராசிரியர் ஆனாராமே? வரலாற்றில் எம்.ஏ. முடித்த என் மகன், "அவருக்கே தேவைப்படவில்லை, எனக்கு எதற்கு?" என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: பிள்ளை சொல்வது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. 1935-இல் டப்ளினில் பிறந்த பிரவுன், 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் ஃபெல்லோ, அதாவது ஆய்வு உறுப்பினர், ஆனார். அந்தக் கல்லூரியில் இளங்கலை மாணவர்களே கிடையாது. கடுமையான தேர்வு எழுதி உள்ளே போய்விட்டால் சம்பளம், நூலகம், நேரம் மூன்றும் கிடைக்கும். முனைவர் ஆய்வைத் தொடங்கினார், முடிக்கவில்லை. அந்தக் கால ஆக்ஸ்ஃபோர்டில் அதை யாரும் பெரிய குறையாக எண்ணவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்தார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறித்தவச் சிந்தனையாளர், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித அகுஸ்தினாரை லத்தீனில் உட்கார்ந்து படித்தார். அகுஸ்தினார் எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன் என்பவன் பொய்யன் என்று ஸ்பெயினின் செவில்லே நகரத்து ஆயர் இசிதோர் ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார், அவ்வளவு குவியல்! அதற்குள் புகுந்து வந்து 1967-இல் அகுஸ்தினாரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்தப் புத்தகம்தான் அவருக்குப் பட்டம். அப்புறம் லண்டன், 1978-இல் பெர்க்லி, 1986-இல் பிரின்ஸ்டன். 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரும் குளூகே பரிசை நம் வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரோடு பகிர்ந்துகொண்டார்.

இன்று பட்டம் இல்லாமல் விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். உங்கள் மகன் பி.எச்டி. முடிக்கட்டும்.

கேள்வி: 'பிந்தைய தொன்மைக்காலம்' என்றால் எந்தக் காலம்?

பதில்: ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை. முன்பெல்லாம் 'ரோமின் வீழ்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பிரவுன் 1971-இல் எழுதிய சிறு நூலில் 150 முதல் 750 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, அங்கே புதிதாக என்னென்ன முளைத்தது என்று காட்டினார். துறவிகள், மடங்கள், சிரியாவில் தூண்மேல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற சிமியோன், கடைசியில் இஸ்லாம் எல்லாம் அதில் வரும்.

கேள்வி: பீட்டர் பிரவுனை வெகுகாலமாகப் படிக்கிறீர்கள். அவரிடம் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

பதில்: அகுஸ்தினார் புத்தகத்துக்கு 2000-இல் அவர் சேர்த்த இரண்டு அத்தியாயங்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்த காலத்தில் பழைய பதிப்பை வைத்துத்தான் பாடம் எடுத்தேன். அதில் வரும் முதிய அகுஸ்தினார் கண்டிப்பானவர், அதிகாரம் செலுத்துபவர். நானும் மாணவர்களிடம் அப்படியே சொல்லிவந்தேன்.

2000-க்குள் யாருமே எதிர்பார்க்காத இரண்டு புதையல்கள் கிடைத்திருந்தன. ஆய்வாளர் யோஹன்னஸ் டிவ்யாக் கண்டெடுத்த அகுஸ்தினாரின் கடிதங்கள் 1981-இல் அச்சாயின. 1990-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா டோல்போ அவருடைய 26 மறையுரைகளை (பிரசங்கங்களை) கண்டுபிடித்தார்.

அந்தக் கடிதங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தம் கடைசி ஆண்டுகளில் நண்பர் அலிப்பியுஸுக்கு அகுஸ்தினார் எழுதியது. ஆள்பிடிக்கும் கும்பல்கள் ஊர் ஊராகப் புகுந்து மக்களைப் பிடித்து, ஹிப்போ துறைமுகத்தில் அடிமை வியாபாரிகளுக்கு விற்கின்றன. திருச்சபை மக்கள் சுமார் 120 பேரை மீட்கிறார்கள். அதில் ஒரு சிறுமி. எப்படி அகப்பட்டாய் என்று ஆயரே அவளிடம் கேட்கிறார். வீட்டிலிருந்தே தூக்கி வந்தார்கள் என்கிறாள். தனியாகவா இருந்தாய்? இல்லை, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் சின்னப் பெண் என்பதால், அழைத்துப்போக வந்திருந்த சகோதரன் மீதியைச் சொல்கிறான். இரவில் புகுந்தார்களாம். எதிர்க்கத் துணிவில்லாமல் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொண்டார்களாம். வாங்க வியாபாரிகள் இல்லையென்றால் இதெல்லாம் நடக்காது என்று எழுதுகிறார் அகுஸ்தினார். எழுபதைத் தாண்டிய மனிதர், ஒரு குழந்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை எனக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு, 1960-களில் தான் நினைத்ததைவிட அகுஸ்தினார் கண்டிப்புக் குறைந்தவர் என்று பிரவுன் வெளிப்படையாக எழுதினார். உலகம் முழுக்கப் புகழ் சேர்த்த சொந்தப் புத்தகத்தைப் பற்றி, 65 வயதில். 1967-இல் எழுதியதை அழித்துத் திருத்தவும் இல்லை. அதை அப்படியே விட்டு, புதிய சான்றுகளைப் பின்னால் வைத்தார். எங்கே பார்வை மாறியது என்று வாசகரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு நானும் வகுப்பில் என் பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை நான் சொன்னதில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

வாங்குவதானால் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பையே கேட்டு வாங்குங்கள். பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்புதான் அதிகம் கிடைக்கிறது, அதில் இந்த இரண்டு அத்தியாயங்கள் இருக்காது.