கேள்வி பதில்: தளத்தை மாற்றினோம், தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது

கேள்வி: வெள்ளவத்தையில் நாங்கள் சில ஆசிரியைகள் சேர்ந்து சிறுவர் கதைகளுக்காக ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறோம். பழைய ஹோஸ்டிங் கட்டணம் கூடிவிட்டதால் வேறு இடத்துக்கு மாற்றினோம். இப்போது முகப்புப் பக்கம் திறக்கிறது, ஆனால் தமிழ் முழுக்க வெறும் கேள்விக்குறி. எந்தக் கதையைத் தட்டினாலும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை, என்று வருகிறது. என் போனில் மட்டும் பழைய தளம் நன்றாகத் தெரிகிறது. பழைய கணக்கு இந்த மாத முடிவில் மூடப்படும். எழுதியதெல்லாம் போய்விட்டதா?
- ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: போகவில்லை. ஆனால் பழைய கணக்கு மூடப்பட்டால் போய்விடும், அதனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இன்னும் ஒரு மாதத்துக்குக் காசு கட்டி அதை உயிரோடு வைத்திருங்கள். போனில் பழைய தளம் தெரிவது நல்ல அறிகுறி. டிஎன்எஸ் (தளப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது, ஒன்றிரண்டு நாள்கூட எடுக்கும், அதனால் உங்கள் போன் இன்னும் பழைய சர்வரிடம் போகிறது, அங்கே கதைகள் பத்திரமாக இருக்கின்றன. சரியாகும் வரை புதிய கதை எதையும் ஏற்றாதீர்கள், அது எந்தச் சர்வரில் விழும் என்றே தெரியாது.

404 சின்ன விஷயம். கதைகளின் முகவரியைச் சரியான இடத்துக்கு அனுப்பும், புள்ளியில் தொடங்கும் 'எச்டிஅக்சஸ்' என்ற மறைகோப்பு நகலெடுக்கும்போது விடுபட்டிருக்கும். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் வராவிட்டால் புதிய நிறுவனத்திடம் 'சர்வர் என்ஜின்எக்ஸா?' என்று கேளுங்கள், ஆம் என்றால் அந்த வகைச் சர்வர் மென்பொருளுக்கு விதியை அவர்கள்தான் எழுத வேண்டும்.

இனி தமிழ். இதில்தான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். எழுத்து கெடுவதில் இரண்டு வகை உண்டு. தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தால் தரவு அப்படியே இருக்கிறது, வாசிக்கும் முறைதான் பிழை. வெறும் கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் புதிய டேட்டாபேஸில் தமிழே இல்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 'கி' என்பது இரண்டு குறியீடு என்பதால் 6 பைட். லத்தீன்1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துத்தொகுதிக்குள் இவற்றுக்கு இடமில்லை, டேட்டாபேஸ் அதற்கு மாற்றும்போது ஒவ்வொன்றையும் தூக்கி எறிந்துவிட்டு கேள்விக்குறியை எழுதிவிடும். அதைத் திருப்பித் தமிழாக்கும் பிளகின் எதுவும் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனவே பழைய கணக்கில் டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினில் இருந்து புதிதாக எக்ஸ்போர்ட் எடுங்கள். அந்த எஸ்கியூஎல் கோப்பை நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து தமிழ் வாசிக்க வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் புதிய இடத்தில் 'யூடிஎஃப்8எம்பி4' (யூடிஎஃப்-8 முழுவதையும் தாங்கும் எழுத்துத்தொகுதி) டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி இம்போர்ட் செய்து, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் அந்த டேட்டாபேஸின் பெயர், பயனர், கடவுச்சொல், எழுத்துத்தொகுதி நான்கையும் பொருத்துங்கள். கோப்பிலேயே கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பழைய தளங்களில் தமிழின் பைட்டுகளை மாற்றாமல் அப்படியே லத்தீன்1 என்ற பெயரில் திணித்து வைத்திருப்பது சகஜம். அப்போது எக்ஸ்போர்ட்டை லத்தீன்1 என்று எடுத்து, கோப்பில் வரும் எழுத்துத்தொகுதிப் பெயர்களை மட்டும் மாற்றி ஏற்ற வேண்டும், இது தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலை.

இன்னொன்று. வேர்ட்பிரஸின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்பது 3 பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழுக்கு அது போதும், ஆனால் பெரும்பாலான இமோஜி 4 பைட், அதனால் சில சர்வர்களில் இமோஜி வந்த இடத்தோடு மீதிக் கதை அறுந்துவிடும். வேர்ட்பிரஸ் 2015இல், 4.2 பதிப்பில்தான், யூடிஎஃப்8எம்பி4க்கு மாறியது. பிள்ளைகளின் கதைகளில் சிரிப்பு முகம் இல்லாமல் இருக்காது, ஆகவே எல்லாம் சரியானதும் அப்படியான கதைகளைக் கடைசி வரி வரை திறந்து பாருங்கள். தளத்தின் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தால் அதுவும் வருகிறதா என்று சோதியுங்கள், டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் மாறும்போது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு விடுபடுவது வழக்கம். அப்புறம் பழைய கணக்கை மூடலாம்.