பழைய ஷட்டருக்குப் புதுப் பூச்சு: கேள்வி பதில்

கார் ஷெட் ஷட்டரையும் தகட்டுக் கேட்டையும் ஆள் வைக்காமல், குறைந்த செலவில் புதுப்பிப்பது பற்றிய கேள்விகளுக்குக் காட்பாடியில் ஷட்டர் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

குடியாத்தம்: ஷட்டரின் கீழ்ப்பகுதி முழுக்கத் துரு. அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், அடுத்த மழைக்காலத்தில் துருவோடு சேர்ந்து உரிந்து வரும். வாசல் கழுவுகிற தண்ணீர் கீழ்ப்பட்டையில்தான் தேங்குகிறது, அதனால் துருவும் அங்கேதான் தொடங்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் பட்டையையே மாற்ற வேண்டும். உறுதியாக இருந்தால் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 120. துடைத்துக் காயவைத்து அன்றே பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். ஓர் இரவு பனியில் விட்டால் மறுபடி துரு பூத்துவிடும்.

சுரண்டும்போது கவனம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு என்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வாலாஜா: 8 அடிக்கு 8 அடி ஷட்டருக்கு எத்தனை லிட்டர் எனாமல் வேண்டும்?

வெளிப்பக்கம் மட்டும், இரண்டு பூச்சு என்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். 64 சதுர அடி என்று கணக்குப் போடாதீர்கள், பட்டைகளின் வளைவில் பரப்பு கூடும்.

சத்துவாச்சாரி: தேக்கு மரம் போல ஸ்டிக்கர் விற்கிறார்களே, ஒட்டலாமா ஐயா?

சுருளும் ஷட்டரில் வேண்டாம் அம்மா. ஏறி இறங்கும்போதே கிழிந்துவிடும். உங்களுடையது இரண்டு கதவுத் தகட்டுக் கேட் என்றால், ஸ்டிக்கர் செலவே இல்லாமல் வழி இருக்கிறது. வெளிர் நிறம் அடித்து நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பால் கட்டம் பிரித்து, கட்டங்களுக்குள் ஒரு படி அடர்ந்த நிறம் கொடுங்கள். கீலும் கைப்பிடியும் கறுப்பு. தெருவிலிருந்து பார்த்தால் பலகை வைத்த கதவு போலத் தெரியும்.

ராணிப்பேட்டை: எந்த இரும்பானாலும் முதலில் ரெட் ஆக்சைடுதானே?

இல்லை. ஜி.ஐ. தகடு என்றால் கூடாது.

ராணிப்பேட்டை: எங்கள் பெயிண்டர் முப்பது வருடமாக அதைத்தான் அடிக்கிறார். நீங்கள் புதிதாகச் சொல்கிறீர்கள்.

அவர் பெரும்பாலும் அடித்தது துத்தநாகம் பூசாத கருப்பு இரும்பில். அதற்கு ரெட் ஆக்சைடு நல்ல பிரைமர், மறுக்கவில்லை. ஜி.ஐ. தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. பிரைமரில் உள்ள எண்ணெய்ப் பிசின் நாளடைவில் துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்புப் படலம் உண்டாக்கும். பிடிமானம் போய்விடும். நகத்தால் நெம்பினால் அப்பளம் போலப் பெயர்ந்து வருகிற பெயிண்ட்டைப் பார்த்ததில்லையா? துத்தநாகம் வெளியே தெரிகிற இடமெல்லாம் வாஷ் பிரைமர் அடியுங்கள். இரண்டு பாகமாக வரும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஆம்பூர்: ராணிப்பேட்டை நண்பர் சொல்வதுதான் சரி. என் கேட் ரெட் ஆக்சைடில் பத்து வருடம் நிற்கிறது.

உங்கள் கேட் எந்த இரும்பு என்று சொல்லவில்லையே.

ஆம்பூர்: காந்தம் ஒட்டுகிறது. இரும்புதான்.

காந்தம் இரண்டிலும் ஒட்டும், ஜி.ஐ.க்கு உள்ளேயும் எஃகுதானே! மறைவான மூலையில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள். வெள்ளி நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் ஜி.ஐ. கறுத்தோ துருவேறியோ இருந்தால் கருப்பு இரும்பு.

ராணிப்பேட்டை: சுரண்டினேன். வெள்ளிதான். ஆனாலும் பெயிண்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சாண் அகலத்துக்கு அவர் முறை, பக்கத்தில் ஒரு சாண் என் முறை. ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும். பிறகு பேசுவோம்.

பாகாயம்: சித்திரையில் விடுமுறை கிடைக்கிறது. அப்போது அடிக்கலாமா?

வேலூர் வெயிலில் மேற்குப் பார்த்த தகட்டில் மதியம் கை வைக்க முடியாது. அதில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே இழுபடும், பிரஷ் கோடு அப்படியே நிற்கும், கொப்புளம் எழும்பும். நிழல் இருக்கும் காலை நேரத்தில் முடியுங்கள். முடிந்தால் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்த ஷட்டரை இரண்டு நாளாவது இறக்கியே வைக்க வேண்டும், காரை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் சுருட்டினால் பட்டைகள் ஒட்டிப் பிய்ந்து வரும்.

திருப்பத்தூர்: துருவின் மேலேயே அடித்தால் என்ன?

குடியாத்தம் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆரணி: உள்பக்கமும் அடிக்க, மேலே உள்ள உருளையைக் கழற்றலாமா?

கழற்றவே கூடாது. உள்ளே இறுக்கி முறுக்கிய சுருள்வில் இருக்கிறது. விடுபட்டால் கை போகும். ஷட்டரை இறக்கி வைத்து, எட்டுகிற வரை அடித்தால் போதும்.

வாணியம்பாடி: மோட்டார் வைத்த ஷட்டர் பாதியில் நிற்கிறது.

எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

காட்பாடி: இரண்டு பக்கச் சட்டத்துக்குள்ளும் பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி, ஷட்டர் சிக்கும். கிரீஸும் வேண்டாம், தூசி சேர்ந்து களிம்பாகிவிடும். துணியால் துடைத்து மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

அரக்கோணம்: கொஞ்சம் துருதான். மேலேயே அடித்துவிடலாமா?

கூடாது, கூடாது, கூடாது.

பேரணாம்பட்டு: ஷட்டரைத் தூக்கவே முடியவில்லை. பெயிண்ட்டோடு அதையும் நானே சரிசெய்ய நினைக்கிறேன்.

முதலில் சட்டத்தைத் துடைத்து மெழுகு தேயுங்கள். அப்படியும் கனத்தால் சுருள்வில் தளர்ந்திருக்கும். ஏணியை இறக்கி வைத்துவிட்டு ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆரணிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.